எல்லோர் மீதும் ஒரே சந்தேகம்

கனடாவில் துவக்கு எடுத்து வேட்டைக்குப் போக நினைப்பவர் முதலில் துவக்குப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும். அங்கே பழக்கப்படும் நான்கு அடிப்படை விதிகளில் முதலாவது, எந்தத் துவக்கிலும் ரவை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. (துவக்கு என்பது ஈழத்தில் துப்பாக்கிக்கு நாங்கள் சொல்லும் சொல். இந்தக் கட்டுரை முழுக்க அதுதான் வரும்.) கடைக்காரர் "ஒன்றுமில்லை, வெறுமைதான்" என்று தந்தாலும் சரி, நீங்களே இரண்டு நிமிடத்துக்கு முன் திறந்து பார்த்து மேசையில் வைத்திருந்தாலும் சரி, மறுபடி கையில் எடுக்கும்போது அது நிரம்பிய துவக்கு. குழல்வாயை ஆபத்தில்லாத திசைக்குத் திருப்பி, இருக்கும் ரவையை அகற்றி, ரவையறையைக் கண்ணால் பார்த்து, ரவை ஏறும் பாதையைச் சரிபார்த்து, குழலுக்குள் அடைப்பு உண்டா என்று நோக்கி, இந்த ஐந்தையும் வரிசையாக முடித்த பிறகுதான் அது வெறும் இரும்பு. கீழே வைத்துவிட்டு எடுத்தால் மறுபடி முதலில் இருந்து.

வகுப்பில் இதைக் கைப்பழக்கமாகத்தான் சொல்லித் தருகிறார்கள். யோசித்தால் இதற்குள் ஒரு அறக் கோட்பாடே இருக்கிறது. பிறர் சொல்லை அப்படியே நம்பாதே என்பது அதில் பாதி. மற்றப் பாதி, உன் ஞாபகத்தையும் நம்பாதே. இரண்டு நிமிடத்துக்கு முன் திறந்து பார்த்த "நான்" ஒரு சாட்சி மட்டுமே. சாட்சிகள் பிழைவிடுவார்கள்.

நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான். துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர், சாப்பாட்டுக்கு எந்தத் தட்டுப்பாடும் இல்லாதவர், விரும்பி ஒரு துவக்கை வாங்கிக்கொண்டு மான் சுடப் போவது சரியா? ரொறன்ரோவில் ஒரு விருந்தில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் சத்தம் கூடிவிடும். "பட்டதெல்லாம் போதாதா?" என்பார் ஒருவர். "அந்த வாயில்லாச் சீவன் என்ன செய்தது?" என்பார் இன்னொருவர், கையில் ஆட்டிறைச்சிக் கறியோடு. இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவது துவக்கு பற்றியது, இரண்டாவது மான் பற்றியது. நாங்கள் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதால்தான் எதற்கும் பதில் வருவதில்லை. தனித்தனியே பார்ப்போம்.

*

முதலில் துவக்கு.

ஒன்ராறியோவில் சட்டப்படி வேட்டையாடத் தொடங்க ஏற வேண்டிய படிகள் பல. துவக்குப் பாதுகாப்பு வகுப்பு. அதன் முடிவில் ஒரு எழுத்துத் தேர்வு, ஒரு செய்முறைத் தேர்வு, இரண்டிலும் 80 விழுக்காடு எடுக்க வேண்டும். பிறகு மத்திய அரசிடம் உரிமத்துக்கு விண்ணப்பம். முதல் தடவை கேட்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அது கையில் வந்தால் துவக்கு வைத்திருக்கலாம், ஆனால் வேட்டையாட முடியாது. வேட்டைக்கு மாகாணத்தின் வேட்டைக் கல்வி வகுப்பை முடிக்க வேண்டும், அட்டை எடுக்க வேண்டும், எந்த விலங்கோ அதற்கான அனுமதியும் "டாக்" எனப்படும் சீட்டும் வாங்க வேண்டும். மத்திய அரசு ஆளைப் பார்க்கிறது, மாகாணம் விலங்கைப் பார்க்கிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அந்த மத்திய அரசு விண்ணப்பம் ஒரு விசித்திரமான வாசிப்பு அனுபவம். அண்மைக் காலத்தில் மணமுறிவு நடந்ததா, வேலை போனதா, கடனில் முறிந்தீர்களா, மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றீர்களா, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றீர்களா, யாரையும் மிரட்டினீர்களா என்று வரிசையாகக் கேட்கும். ஒன்றுக்கு "ஆம்" என்று சொன்னால் உடனே கதவு மூடிவிடும் என்றில்லை. கூடுதலாக விசாரிப்பார்கள். உங்களைத் தெரிந்த வேறு ஆட்களிடம் கேட்பார்கள். உரிமம் வந்த பிறகும் பார்வை நிற்பதில்லை. உரிமம் உள்ளவர்களின் பெயர்கள் காவல்துறைப் பதிவுகளோடு தொடர்ந்து ஒப்பிடப்படுகின்றன.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு நாள் இருக்கிறது. 1989 டிசம்பர் 6. மொன்றியல் நகரின் எக்கோல் பொலிடெக்னிக் பொறியியல் கல்லூரிக்குள் ஒருவன் சட்டப்படி வாங்கிய துவக்கோடு போய், பெண்கள் என்பதற்காகவே 14 பெண்களைக் கொன்றான். அந்தப் பெண்களின் குடும்பங்களும் தப்பிய மாணவிகளும் ஆண்டுக்கணக்கில் விடாமல் வாதாடியதன் பலனாகத்தான் 1995ஆம் ஆண்டின் துவக்குச் சட்டம் வந்தது. விண்ணப்பத்தில் கணவன் அல்லது மனைவி, சேர்ந்து வாழும் துணை, கடந்த 2 ஆண்டுகளுக்குள் பிரிந்த துணை ஆகியோரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் விண்ணப்பம் செத்துவிடாது. ஆனால் இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று அவருக்கு அறிவிக்க வேண்டியது அதிகாரிகளின் கடமை. வீட்டுக்குள் துவக்கு வருமுன் வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

என் விண்ணப்பம் மூன்று கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. என் மனைவி வன்னியில் வளர்ந்தவள். ஒருநாள் இரவு அதை எடுத்து வாசித்துவிட்டு, "இதென்ன, என்ர கையெழுத்தும் வேணுமாமோ?" என்று கேட்டாள்.

"ஓம். போடாட்டி உனக்கு அறிவிப்பினம். நீ ஏதும் சொல்லோணும் எண்டா அவையளிட்டச் சொல்லலாம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அங்க துவக்கு வீட்டு வாசல்ல வந்து நிக்கேக்க எங்களை ஆர் கேட்டது? ஆமியும் கேக்கேல்லை. இயக்கமும் கேக்கேல்லை."

பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "சுடுறதுக்கு நான் சம்மதம் எண்டு நினையாதேங்கோ. கேட்டதுக்குத்தான் போடுறன்."

இதைவிடத் தெளிவாக அந்தச் சட்டப்பிரிவை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் துவக்கின் கொடுமை அது சுட்டதில் மட்டும் இருக்கவில்லை. யாரிடமும் கேட்காமல் வந்ததிலும் இருந்தது. அது வந்ததும் பேச்சு நின்றது. இங்கே துவக்கு வருவதற்கு முன் பேச்சு நடக்க வேண்டும் என்று ஒரு கடதாசி வற்புறுத்துகிறது.

*

வாங்கியாயிற்று. இனி அதைக் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். துவக்கை வீட்டிலிருந்து வேட்டைக்காட்டுக்குக் கொண்டுபோவதற்கான விதிகளைத்தான் புதிதாக வருபவர்கள் அதிகம் கேட்பார்கள், அதிகம் பயப்படுவார்கள். உண்மையில் அவை எளிமையானவை.

வேட்டைக்குப் பயன்படும் சாதாரண நீண்ட துவக்கு என்றால், வண்டியில் ஏற்றும்போது ரவை இருக்கக் கூடாது. வழியில் வண்டியை விட்டு இறங்கிப் போவதானால் துவக்கை டிக்கியில் வைத்துப் பூட்ட வேண்டும். டிக்கி இல்லாத வண்டி என்றால் வெளியே தெரியாதபடி வைத்து வண்டியைப் பூட்ட வேண்டும். கைத்துவக்கு போன்ற கட்டுப்படுத்தப்பட்ட வகைக்கு விதிகள் இறுகும். ரவை அகற்றி, பூட்டு மாட்டி, உள்ளே இருப்பது தெரியாத பெட்டியில் வைத்து அதையும் பூட்டி, கொண்டுபோவதற்கென்று தனி அனுமதியோடு, நியாயமான அளவுக்கு நேரான பாதையில் போக வேண்டும். வழியில் மச்சான் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற கதை இல்லை. 2022 ஒக்டோபருக்குப் பிறகு தனியாட்கள் கைத்துவக்கு வாங்குவதும் விற்பதும் ஏறக்குறைய முழுதாக நிறுத்தப்பட்டுவிட்டது. வேட்டைக்காரருக்கு அது தேவையும் இல்லை.

இதற்கு மேல் ஒன்ராறியோவின் வேட்டைச் சட்டம். ரவை ஏற்றிய துவக்கு வண்டிக்குள் இருக்கவே கூடாது. ரவையறையில் ஒன்றும் இல்லை, பொருத்தியிருக்கும் மகசினில் மட்டும் ரவை இருக்கிறது என்றாலும் அது ரவை ஏற்றிய துவக்குத்தான். வேட்டைக்கான நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அத்தமனத்துக்கு அரை மணி பின்புவரை. அதற்கு வெளியே, விலங்குகள் நடமாடும் இடங்களில், துவக்கு ரவை இல்லாமல் உறைக்குள் இருக்க வேண்டும்.

மத்திய அரசின் விதியில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. குழல்வாய் வழியாக மருந்து இடித்து நிரப்பும் பழைய வகைத் துவக்கை, ஒரு வேட்டை இடத்திலிருந்து இன்னொரு வேட்டை இடத்துக்குக் கொண்டுபோகும்போது மட்டும், நிரப்பியபடியே கொண்டுபோகலாம். ஆனால் அதன் பொறிமூட்டும் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். வன்னிக்காரர்களுக்கு இந்தத் துவக்கு தெரியும். இடியன். நிரப்பிய மருந்தைத் திரும்ப வெளியே எடுப்பது பெரும் பாடு என்று சட்டம் எழுதியவருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் வயிற்றை விட்டுவிட்டு, கண்ணை மட்டும் மூடச் சொல்லியிருக்கிறார்.

இந்த விதிகளையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒரே எண்ணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. துவக்குக்கு ஒரு நியாயம் இருக்கக்கூடிய இடமும் நேரமும் மிகக் குறைவு. நவம்பர் மாதத்தில் சில நாட்கள், காலையிலிருந்து அந்திவரை, குறிப்பிட்ட ஒரு காட்டில், குறிப்பிட்ட ஒரு விலங்கின் முன்னால். மற்ற எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் அதற்கு ஒரு வேலையும் இல்லை. வேலையில்லாத துவக்கு உறங்க வேண்டும். நெடுஞ்சாலையில் அதற்கு வேலை இல்லை, எனவே டிக்கிக்குள் உறக்கம். வீட்டில் வேலை இல்லை, எனவே பூட்டுக்குள் உறக்கம், ரவை வேறிடத்தில்.

நாங்கள் வளர்ந்த இடத்தில் துவக்குகள் உறங்கியதே இல்லை. சந்தைக்கு வந்தன, பள்ளிக்கூட வாசலில் நின்றன, பஸ்ஸுக்குள் ஏறின, கோயில் திருவிழாவில் நடந்தன. எந்தப் பக்கத்துத் துவக்கு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியது. விழித்திருந்தது என்பது மாறவில்லை. இன்னொரு வகையும் இருந்தது, கட்டுத்துவக்கு. மிருகம் வரும் தடத்தில் மரத்தோடு கட்டி, விசைக்கு ஒரு கம்பியை இழுத்துவிட்டு, ஆள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். ஆள் உறங்க, துவக்கு விழித்திருக்கும். பன்றி இடறினாலும் வெடிக்கும், விறகுக்குப் போன மனுசி இடறினாலும் வெடிக்கும். ஆள் விழித்திருக்கும்போது மட்டும் துவக்கும் விழித்திருக்கலாம் என்பதைத் தலைகீழாக்கினால் கிடைப்பது கட்டுத்துவக்கு. யோசித்தால், போர் என்பதே ஒரு நிலம் முழுக்கக் கட்டிவைத்த கட்டுத்துவக்குத்தான்.

ஆக, "பட்டதெல்லாம் போதாதா?" என்ற கேள்விக்கு என் பதில்: நாங்கள் பட்டது விழித்திருந்த துவக்கால். இங்கே பழக வேண்டியிருப்பது அதை உறங்கவைக்கும் வித்தை. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

*

இது கொஞ்சம் வசதியான பதில். அதனால் இதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வேட்டைப் பருவத்தில் காட்டுப் பாதைகளில் மாகாணத்தின் பாதுகாப்பு அதிகாரிகள் வண்டிகளை நிறுத்துவார்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டு. உரிமத்தைக் காட்டு, துவக்கு எங்கே, ரவை இருக்கிறதா, டிக்கியைத் திற. சீருடை போட்டவர், இடுப்பில் அவருடைய ஆயுதம். ஓமந்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பொதிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்தவர்களுக்கு வயிறு கலங்காமல் இருக்குமா? உடம்புக்கு எல்லாச் சோதனைச் சாவடியும் ஒன்றுதான்.

ஆனால் கேட்கப்படும் கேள்வியைக் கவனியுங்கள். இங்கே கேள்வி துவக்கைப் பற்றியது. அது எந்த நிலையில் இருக்கிறது, நீ என்ன செய்தாய். துவக்கே இல்லாதவரிடம் இந்தக் கேள்வி எழாது. அங்கே கேள்வி ஆளைப் பற்றியது. நீ யார், எந்த ஊர், எந்த மொழி, உன் அண்ணன் எங்கே. அதற்குச் சரியான விடை என்று ஒன்று இருக்கவில்லை. அடையாள அட்டையில் இருந்த ஊர்ப்பெயரே பிழையான விடை. இங்கே உரிமம் மறுக்கப்பட்டால் ஒரு நீதிபதி முன்னால் போய் நியாயம் கேட்கலாம், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. அங்கே கூட்டிக்கொண்டு போனவர்களைப் பற்றி யாரிடம் கேட்பது என்பதே தெரியாமல் அம்மாக்கள் இன்றுவரை தெருவோரம் படங்களோடு இருக்கிறார்கள்.

நான் வந்து சேரும் இடம் இது. சந்தேகம் என்பது தன்னளவில் கெட்டது அல்ல. எல்லோர் மீதும் ஒரே அளவாக, எல்லோருக்கும் தெரிந்த காரணத்தோடு, பதில் சொல்ல வழியோடு வரும் சந்தேகம் நாகரிகம். ஒரு வகை ஆட்கள் மீது மட்டும் விழும் சந்தேகம் அடக்குமுறை. துவக்கை எடுக்கும் ஒவ்வொருவரும், மருத்துவரோ மீன்கடைக்காரரோ, "அது நிரம்பியிருக்கிறது" என்றே தொடங்க வேண்டும் என்ற அந்த முதல் விதி, முதல்வகைச் சந்தேகத்தின் ஆகச் சிறந்த வடிவம். ஏனென்றால் அது என்னிடமிருந்தே தொடங்குகிறது.

கனடா எப்போதும் இப்படிச் சமமாகச் சந்தேகப்பட்டதா என்றால், இல்லை. ரொறன்ரோவுக்கு வடக்கிலும் கிழக்கிலும் சிம்கோ ஏரி, கவார்த்தா ஏரிகள் என்று நாங்கள் வார இறுதியில் போய்ப் படம் எடுத்துப் போடும் நிலங்கள், சிப்பெவா, மிஸ்ஸிஸாகா மக்களின் நிலங்கள். 1923இல் 7 முதற்குடிச் சமூகங்களோடு வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. அவற்றின் மூலம் ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு வெளியே வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் இருந்த உரிமைகளையும் அவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று அரசு எடுத்துக்கொண்டது. மூதாதையர் வேட்டையாடிய இடத்தில் வேட்டையாடியவர்கள் வழக்குகளைச் சந்தித்தார்கள். 2018இல்தான் மத்திய அரசும் மாகாணமும் ஓர் உடன்படிக்கைக்கு வந்து, அந்த உரிமைகளை ஏற்றுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டன. இடையில் 95 ஆண்டுகள். ஒரு பேரனுக்கு மான் வேட்டை கற்றுக்கொடுப்பதே குற்றமாகிவிடக்கூடிய 95 ஆண்டுகள்.

"அவங்களுக்கு மட்டும் மாகாண அனுமதி தேவையில்லையாம், இது என்ன சமம்?" என்று முணுமுணுப்பவர்கள் வேட்டைக்காரர்களில் உண்டு. எங்கள் ஆட்களிலும் உண்டு. பாதுகாப்பு பற்றிய சந்தேகம் சமமாக இருக்க வேண்டும் என்பது வேறு, நிலத்தின் மீதான உரிமை சமம் என்பது வேறு. முன்னதற்குக் காரணம் துவக்கு. பின்னதற்குக் காரணம் வரலாறு. எங்கள் காணியை யாரோ பிடித்துவைத்துக்கொண்டு அதற்குள் போக எங்களுக்கே பாஸ் தந்த கதையை வாழ்நாள் முழுக்கச் சொல்லி வருபவர்கள் நாங்கள். இந்த வித்தியாசம் எங்களுக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்? என் கையிலிருக்கும் மான் அனுமதிச் சீட்டு முடிக்குரிய அரசு தந்தது. அந்த அரசு எப்படி அதன் சொந்தக்காரரானது என்பதும் அந்தச் சீட்டுக்குள் இருக்கிறது, அச்சிடப்படாமல்.

*

இனி மான்.

வேட்டை பற்றிய மிகப் பழைய எச்சரிக்கை எங்கள் பக்கத்துக் கதைகளிலேயே இருக்கிறது. இளவயதுத் தசரதன் இருட்டில் ஆற்றங்கரையில் காத்திருக்கிறான். குடத்தில் நீர் நிரம்பும் சத்தம் கேட்கிறது. யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்து, சத்தத்தை வைத்தே அம்பை விடுகிறான். குருட்டுப் பெற்றோருக்குத் தண்ணீர் மொள்ள வந்த மகன் செத்துப்போகிறான். அந்தப் பெற்றோரின் சாபத்திலிருந்துதான் தசரதன் மகனைப் பிரிந்து சாவது வருகிறது. ஒலியை வைத்து அம்பெய்யும் வித்தை அவனுடைய பெருமையாக இருந்தது. வேட்டைக் கல்வி வகுப்பில் சொல்லப்படும் மிக முக்கியமான பாடத்தை அவன் அறிந்திருக்கவில்லை: சத்தத்தை, அசைவை, நிறத்தை நோக்கிச் சுடாதே. என்ன விலங்கு என்று ஐயமில்லாமல் தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். துவக்கால் மான் வேட்டையாடும் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 2,580 சதுர சென்ரிமீற்றர் பளிச்சென்ற செம்மஞ்சள் உடுப்பும், தலையில் அதே நிறத்தில் தொப்பியும் அணிய வேண்டும் என்று ஒன்ராறியோ கேட்பதும் தசரதன்களை நினைத்துத்தான்.

ஆனால் கவனியுங்கள், இதுவரை சொன்ன விதிகள் எல்லாமே மனிதரை மனிதரிடமிருந்து காப்பவை. மானைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

கொஞ்சம்தான். காயப்பட்ட விலங்கைத் தேடிப் போக வேண்டும், வேதனையில் விடக் கூடாது. உண்ணக்கூடிய இறைச்சியைக் கெடவிட்டுப் போகக் கூடாது. பல பகுதிகளில் கொம்பில்லாத மானைச் சுடத் தனிச் சீட்டு வேண்டும், அது குலுக்கலில்தான் கிடைக்கும். ஏனென்றால் கொம்பில்லாதவை பெரும்பாலும் பெண்மான்களும் குட்டிகளும். பெரியபுராணத்தில் திண்ணனின் முதல் வேட்டையைப் பாடும் சேக்கிழார், அந்த வேடர்கள் யானைக் கன்றுகளைத் துரத்தவில்லை, சிறு குட்டிகளைக் கொல்லவில்லை, கருவுற்ற பிணைகளை வருத்தவில்லை என்று நிறுத்திச் சொல்கிறார். எண்ணூறு ஆண்டுக்கும் மேலான இடைவெளியில் இரண்டு மொழிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் கோடு போடுகின்றன.

இன்னொன்று, வேட்டையாடிய இறைச்சியை விற்க முடியாது. சாப்பிடலாம், சொந்தக்காரருக்கும் நண்பருக்கும் கொடுக்கலாம், காசுக்கு விற்கக் கூடாது. இது எனக்கு வள்ளுவரின் புலான்மறுத்தல் அதிகாரத்தை ஞாபகப்படுத்துகிறது. அங்கே அவர் வைக்கும் வாதங்களில் மிகக் கூர்மையானது பொருளியல் வாதம்: தின்பதற்காக வாங்குகிறவர்கள் இல்லாவிட்டால் விற்பதற்காகக் கொல்கிறவர்களும் இருக்க மாட்டார்கள். நான் கொல்லவில்லையே, கடையில்தானே வாங்கினேன் என்று தப்பிக்கப் பார்ப்பவரைப் பிடிக்கும் வாதம் அது. ஸ்காபரோக் கடையில் "தோல் எடுத்து, சின்னத் துண்டா வெட்டுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எங்கள் எல்லோரையும் பிடிக்கும்.

இந்த இடத்தில் வேட்டைக்காரர் நெஞ்சை நிமிர்த்துவார். "பார், நான் அப்படித் தப்பிக்கவில்லை. கொன்றதை நானே கொன்றேன், நானே உரித்தேன், நானே தின்கிறேன். உன்னைவிட நான் நேர்மையானவன்." இந்தப் பேச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை உண்டு. ஆனால் அது வள்ளுவருக்குப் பதில் இல்லை. வாங்குகிறவரின் பொறுப்பை அவர் காட்டினார் என்பதால் கொல்கிறவர் விடுதலையாகிவிடவில்லை. அதே அதிகாரம் கொல்லாமையைத்தான் கேட்கிறது. பொறுப்பை ஏற்றுக்கொண்டு செய்த கொலையும் கொலைதான். மானுக்கு, என்னுடைய நேர்மையால் ஒரு இம்மியும் லாபமில்லை.

இங்கேதான் அந்த முதல் விதி மறுபடி எனக்குத் தேவைப்படுகிறது. துவக்கை எடுக்கும்போது நிரம்பியதாகவே எடு. சரி, காரணங்களை எடுக்கும்போது? "இயற்கையோடு ஒன்றிணைகிறேன்." "சுத்தமான இறைச்சி." "மான் தொகை கட்டுப்பட வேண்டும்." "எங்கள் மூதாதையரும் வேட்டையாடினார்கள்." ஒவ்வொன்றும் மேசையில் வெறுமையாகக் கிடப்பதுபோலத் தெரியும். எடுத்துத் திறந்து பார்த்தால் உள்ளே ஏதோ ஒன்று ஏறியிருக்கும். கொஞ்சம் வீரம், கொஞ்சம் படம் எடுத்துப் போடும் ஆசை. எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொன்றும் இருக்கலாம். எத்தனையோ ஆண்டு துவக்கின் எதிர்ப்பக்கத்தில் நின்ற உடம்புக்கு, ஒருமுறையாவது இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்ற இருட்டான ஆசை. அதற்கு விலையாக ஒரு மான் சாவது நியாயமே இல்லை. இந்த ஆசை இருப்பதில் குற்றமில்லை. இல்லையென்று நம்பிக்கொண்டு காட்டுக்குப் போவதுதான் ஆபத்து. ரவை இல்லையென்று நம்பிய துவக்குகளால் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள்.

ஆகவே மான் பற்றிய கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை, பாதி விடைதான் இருக்கிறது. இறைச்சி உண்பவன் நான். அதை நிறுத்தும் அளவுக்கு எனக்கு வள்ளுவர் கேட்கும் மனம் இன்னும் வாய்க்கவில்லை. உண்ணும்வரை, அந்தக் கடனை முழுதாக இன்னொருவர் கையில் தள்ளிவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதன் முன்னால் போய் நிற்கலாம் என்பது என் நிலை. நிற்பது என்றால் சுட்டே ஆக வேண்டும் என்றில்லை. சட்டம் தருவது சுடுவதற்கான அனுமதி மட்டும். அனுமதிக்கும் நியாயத்துக்கும் இடையே உள்ள தூரத்தை, குளிரில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் தனியே கடக்க வேண்டும். ஒவ்வொரு மானுக்கும் புதிதாக. போன தடவை சரியென்று பட்டதே என்பது, இரண்டு நிமிடத்துக்கு முன் பார்த்தேனே என்பது போன்றதுதான்.

*

தொடங்க நினைக்கும் இளையவர்கள் சிலர் என்னிடம் எந்தத் துவக்கு வாங்கலாம் என்று கேட்கிறார்கள். அது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். முதலில் வகுப்புக்குப் போங்கள். அந்த விண்ணப்பத்தை வீட்டு மேசையில் சில நாள் கிடக்கவிடுங்கள், வீட்டில் உள்ளவர்கள் வாசிக்கட்டும். ஒரு பருவம் அனுபவமுள்ள ஒருவரோடு துவக்கே இல்லாமல் காட்டுக்குப் போய் வாருங்கள். குளம்புத் தடம் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பழகுங்கள். நீங்கள் போகும் நிலம் யாருடைய ஒப்பந்தத்துக்கு உரியது என்று தேடிப் படியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்று பட்டால் வாங்கலாம். வேண்டாம் என்று பட்டால் வகுப்புக் காசு வீணாகிவிட்டதாக நினைக்காதீர்கள். எதையும் நிரம்பியதாக எடுத்துப் பார்க்கும் பழக்கம் துவக்கு இல்லாதவர்களுக்கும் உதவும். முகநூலில் யாரையாவது துரோகி என்று எழுதுவதற்கு முன்னால், குறிப்பாக.

ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குச் சீட்டு எடுத்தவர்கள் பருவம் முடிந்ததும் மாகாணத்துக்கு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். எத்தனை நாள் போனாய், எங்கே போனாய், எத்தனை மானைக் கண்டாய், எதைக் கொன்றாய். ஒன்றையும் கொல்லாதவரும் கொடுக்க வேண்டும். வீட்டை விட்டே கிளம்பாதவரும் கொடுக்க வேண்டும். தவறினால் தண்டம். முதன்முதலில் கேள்விப்பட்டபோது இதென்ன அலுப்பு, ஒன்றும் நடக்காததற்கு ஒரு அறிக்கையா என்றுதான் எனக்குப் பட்டது. இப்போது அப்படிப் படுவதில்லை. எந்தத் துவக்கு எதைச் சுட்டது என்ற கணக்கே இல்லாத ஒரு நிலத்திலிருந்து வந்தவன் நான். சுடாததற்கும் கணக்குக் கேட்கும் ஒரு கட்டம் இங்கே இருக்கிறது. கடந்த இரண்டு பருவமும் நான் அதில் பூச்சியம் என்று எழுதியிருக்கிறேன்.